கழுதைப்புலி வக்கீல் வைத்த கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது இந்தக் கதையில் வராது. சிங்கம் என்றால் மேலிடம். மேலிடம் எந்தக் கதையிலும் நேரில் வருவதில்லை, உத்தரவாகத்தான் வரும்.

அப்படி ஒரு கோடையில் வந்த உத்தரவின்படி அந்தக் காட்டுக் குளத்தின் கரையில் ஓர் ஆபீஸ் திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் தாகம் எடுத்தவர்கள் குளத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். அதில் தள்ளுமுள்ளு. குடிக்கப் போன சிலர், குடிக்க வந்த வேறு சிலரின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். எனவே, இனிமேல் கவுண்டரில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, கூப்பிடும்போதுதான் போய்க் குடிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அந்த ஆபீஸில் டோக்கன் பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்த கழுதைப்புலியின் பெயர் மங்களம்.

மங்களம் வேலையில் கெட்டிக்காரி. டோக்கன் கொடுப்பது பார்க்கச் சுலபமாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். மானுக்குக் கொடுத்த கையோடு சிறுத்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது. நடுவில் ஒரு யானையையாவது போட வேண்டும். காட்டுப்பன்றிக் குடும்பத்தைக் கடைசியில் விட வேண்டும். அவர்கள் குடித்து முடித்தால் பிறகு அது குளமாக இருக்காது. இதையெல்லாம் மங்களம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொண்டாள். அவள் வந்த பிறகு குளக்கரையில் ஒரு சாப்பாட்டுச் சம்பவம்கூட நடக்கவில்லை.

ஆனால் அவளுக்கு இருக்கை பின்னறையில். முன் கவுண்டரில் ஒரு கிழட்டு மந்தி சூப்பிரண்டாக இருந்தது. மந்தி ஓய்வு பெற்றதும், "அடுத்த ஆள் வர்ற வரைக்கும் பொறுப்பை நீங்க பாத்துக்குங்க மங்களம்" என்றார்கள். பார்த்துக்கொண்டாள். கவுண்டரில் மட்டும் ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து மங்களம் டோக்கனை நீட்டுவாள். வெளியே நிற்பவர்களுக்குத் திரையே டோக்கன் கொடுப்பது போலத் தெரியும். அணில்கள் சில திரைக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போகும்.

பொறுப்பு பல கோடைகளுக்கு நீண்டது. ஒரு நாள் அடுத்த ஆள் வந்தே விட்டார். முத்துவெள்ளை என்ற முயல். இளைஞர். நல்ல நிறம், துறுதுறுவென்று காது. அவரைச் சூப்பிரண்டு நாற்காலியில் உட்கார வைத்து, திரையைக் கழற்றி, மாலை போட்டார்கள். மாலையை அவர் பாதி தின்ற பிறகுதான் அது மரியாதைக்குப் போட்டது என்று யாரோ சொன்னார்கள்.

மங்களம் மேனேஜரைப் பார்க்கப் போனாள்.

மேனேஜர் சாந்தமூர்த்தி ஒரு கடமான். கோபமே வராதவர். யாரை வேலையை விட்டு அனுப்பினாலும் கூடவே வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டுத்தான் திரும்புவார். எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் அசைபோட்டுவிட்டுத்தான் பதில் பேசுவார்.

"சார், பொறுப்புல நான்தானே இருந்தேன்?" என்றாள் மங்களம்.

"இருந்தீங்க. பிரமாதமா இருந்தீங்க. அதை யாரு இல்லேன்னா?"

"அப்புறம் ஏன் சார் முயலுக்குக் குடுத்தீங்க?"

அவர் அசைபோட்டார். "முன் கவுண்டர்ங்கறது ஆபீஸோட முகம். மங்களகரமா ஒரு முகம் இருந்தா வர்றவங்களுக்கு நல்லா இருக்கும்னு நினைச்சோம்."

"என் பேரே மங்களம்தான் சார்."

"பேரு சரிம்மா. நான் முகத்தைச் சொன்னேன்."

இதைச் சொல்லும்போதும் அவர் குரலில் அவ்வளவு கனிவு இருந்தது. "ரூலும் இடிக்குது பாருங்க. சைவப் பிரிவுல உங்களுக்கு ப்ரமோஷன் போடலாம்னா நீங்க புலி. அசைவப் பிரிவுல போடலாம்னா நீங்க கழுதை. நான் எந்தப் பக்கம் எழுதறது?"

"சார், நான் கழுதையும் இல்லை, புலியும் இல்லை. எவனோ தூரத்துலேர்ந்து பாத்துட்டு எங்களுக்குப் பேரு வெச்சுட்டான். கிட்ட வந்து பாத்திருந்தா வேற பேரு வெச்சிருப்பான்."

உண்மையில் அந்த ஆபீஸில் இரண்டுக்கும் அவளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மூட்டை வந்து இறங்கினால், "கழுதை வகையறா யாரும்மா இங்கே?" என்று கூப்பிடுவார்கள். டோக்கன் இல்லாமல் கரடி தகராறு செய்தால், "புலி வகையறா கொஞ்சம் வெளியே வந்து முறைங்களேன்" என்பார்கள். ப்ரமோஷன் சமயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

மங்களம் திரும்பி வாசல் பக்கம் நடந்தாள். அடுத்த நிமிஷம் அவள் சிரித்துவிட்டாள்.

கழுதைப்புலிகளின் உடம்பு அப்படி. சந்தோஷமாக இருந்தால் பேசாமல் இருப்பார்கள். மனசு நொந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும், காடு முழுக்கக் கேட்கும்படி. அடக்கவும் முடியாது. மங்களம் தன் அம்மாவின் சாவில் சிரித்த சிரிப்பில் மலைத்தேனீக்கள் கூட்டை விட்டுப் போய்விட்டன.

"பாத்தீங்களா, சிரிச்சிட்டீங்க" என்றார் மேனேஜர் மகிழ்ச்சியோடு. "இதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

அன்று சாயங்காலம் மங்களத்தின் குகையில் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. அவள் வீட்டுக்காரர் அழகுசுந்தரம் குட்டிகளைக் குளிப்பாட்டிக்கொண்டே கேட்டார். ஆபீஸில் ஸ்டோர் பார்க்கும் கீரி ராசாக்கண்ணுவும் வந்திருந்தார்.

"இதுக்கு ஒரே வழி வக்கீல்தான்" என்றார் ராசாக்கண்ணு. "நாளைக்கே போடு கேஸ். நான் பாம்பைப் பாத்தா முதல்ல நோட்டீஸ் விடுவேன், அப்புறம்தான் யாரு என்னன்னு விசாரிப்பேன்."

"வக்கீல் கடைசி வழி" என்றார் அழகுசுந்தரம். "வக்கீல்னு வாயெடுத்தாலே எதிரின்னு முடிவு பண்ணிடுவாங்க. முதல்ல பேசிப் பாக்கணும்."

"பேசியாச்சுங்க."

"திரும்பப் பேசு."

"திரும்பப் பேசினா திரும்பச் சிரிப்பு வருதுங்க."

"அப்ப எழுதிக் குடு. எழுத்துக்குச் சிரிக்கத் தெரியாது."

இது மங்களத்துக்குச் சரியாகப் பட்டது. அவள் ஒரு பெரிய தேக்கிலையில் நடந்ததையெல்லாம் எழுதினாள். முகத்தைப் பற்றி மேனேஜர் சொன்னதையும், கழுதை புலி கணக்கையும் விடாமல் எழுதினாள். மறுநாள் கொண்டுபோய் நீட்டினாள்.

மேனேஜர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதை நான் நிதானமா அசைபோட்டுப் பாக்கறேன்" என்றார். சொன்னபடியே இலையை வாயில் போட்டுக்கொண்டார். மங்களம் பார்த்துக்கொண்டே நின்றாள். காம்பு மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தது, பிறகு அதுவும் போயிற்று.

"கொஞ்சம் கசப்பா இருக்கு" என்றார் அவர். "ஆனா உங்க உணர்வு எனக்குப் புரியுது."

மங்களம் பின்னறைக்குத் திரும்பியபோது முத்துவெள்ளை அவளுக்காகக் காத்திருந்தார். அந்த முயலிடம் அவளுக்குக் கோபம் வரவேண்டிய நியாயம் இருந்தது. ஆனால் அவர் பேசுகிற விதத்தில் கோபம் நிற்க மாட்டேன் என்றது.

"அக்கா, சிறுத்தை வந்தா என்ன பண்ணணும்?"

"டோக்கன் குடுக்கணும்."

"நான் மேஜைக்கு அடியில போயிட்டேன்னா?"

"கையை மட்டும் மேல நீட்டிக் குடு தம்பி."

"சரிங்கக்கா. யாருக்கப்புறம் யாரை விடறதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க. இன்னைக்குக் காலையில கீரியையும் பாம்பையும் ஒண்ணா விட்டுட்டேன். அவங்க தண்ணியே குடிக்கலை."

மங்களம் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டோருக்குப் போய் நடந்ததை ராசாக்கண்ணுவிடம் சொன்னாள். பாம்புத் தகராறில் கன்னத்தில் கட்டுப் போட்டிருந்த ராசாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

"கடமான்கிட்ட தேக்கிலையில மனு குடுப்பாங்களா? எருக்க இலையில எழுது. அந்த வகையறாவே அதைத் தொடாது. அதே மாதிரி இன்னொண்ணு எழுதி வீட்டுல வை."

இரண்டாவது மனு எருக்க இலையில் போயிற்று. மேனேஜர் மோந்து பார்த்தார். நாக்கை நீட்டினார், இழுத்துக்கொண்டார். இலை மேஜையிலேயே கிடந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுப் போனார்கள். தின்ன முடியாத புகாருக்குக் கமிட்டி போட்டுத்தானே ஆக வேண்டும். போட்டார்கள். கமிட்டியில் மேனேஜர், மேனேஜருக்கு ஒன்றுவிட்ட முறையாகிற ஒரு வரையாடு, வெளியாள் ஒருவர் வேண்டும் என்பதற்காக ஒரு காட்டெருமை. மூவரும் அசைபோடுகிறவர்கள்.

விசாரணையில் வரையாடு கேட்டது: "உங்க முகத்தைப் பத்தி மேனேஜர் சொன்னது உங்களுக்கு வருத்தமா இருந்ததா?"

மங்களம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைகள் மறுபடியும் காதில் விழுந்தது போல் இருந்தது. பின்னறையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்த கோடையெல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறிற்று. சிரித்துவிட்டாள். நிறுத்தப் பார்த்தாள். நிறுத்தப் பார்க்கப் பார்க்க அதிகமாயிற்று. கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தாள். கொக்குகள் குளத்தை விட்டுப் பறந்தன.

கமிட்டியின் அறிக்கை மறுநாளே வந்தது. "புகார்தாரர் விசாரணை நெடுகிலும் மனம்விட்டுச் சிரித்தபடி இருந்தார். இவ்வளவு மகிழ்ச்சியான ஊழியரைக் கமிட்டி இதுவரை கண்டதில்லை. எனவே குறை ஏதும் இல்லை."

அதைக் கேட்ட அழகுசுந்தரம் குட்டிகளைக் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டார். பிறகு, "வேணும்னா வக்கீல்கிட்ட சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டு வா" என்றார். "கேக்கறதுக்கும் வெக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல."

மலையடிவாரத்துப் புளியமரத்தில் வக்கீல் திருவேங்கடம் இருந்தார். அவர் ஒரு தேவாங்கு. உள்ளங்கையளவு உடம்பு, அதில் பாதி கண். கண்ணைச் சுற்றி இருந்த கறுப்பு வளையம்தான் அவருக்குக் கோட்டு. பொழுது சாய்ந்த பிறகுதான் கட்சிக்காரர்களைப் பார்ப்பார். மங்களம் போனபோது அப்போதுதான் எழுந்திருந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அவர் மட்டும்தான், "அழாதீங்கம்மா" என்றார்.

மங்களம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தைரியமாகக் கேட்டாள். "சார், இந்த மாதிரி விஷயத்துக்கு எப்ப வக்கீல் வெக்கணும்?"

திருவேங்கடம் ஒரு கிளையிலிருந்து பக்கத்துக் கிளைக்கு மாறினார். அதற்குள் நட்சத்திரம் ஒன்று வந்துவிட்டது.

"எங்கிட்ட வர்றவங்க ரெண்டு விதம்" என்றார் மெல்ல. "மனசு நொந்த அன்னைக்கே ஓடி வர்றவங்க ஒரு விதம். அவங்ககிட்ட கோபம் இருக்கும், என்ன நடந்ததுன்னு சொல்ல வராது. இன்னொரு விதம், நீட்டின இலையில எல்லாம் கால்தடம் வெச்சுக் குடுத்துட்டு வர்றவங்க. அவங்களுக்கு எல்லாம் சொல்ல வரும். ஆனா செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"நான் எதுல சார்?"

"நடுவுல." அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நடுவுல யாரும் வந்ததில்லை. கொஞ்சம் உக்காருங்க, நல்லா பாத்துக்கறேன்."

பார்த்து முடித்ததும் சொன்னார். "யாரு, யாரு முன்னாடி, என்ன சொன்னாங்கன்னு மறக்காம எழுதி வைங்க. உங்களை மாதிரி பொறுப்பு பாத்த வேற யாருக்காவது ப்ரமோஷன் குடுத்திருக்காங்களான்னு விசாரிங்க. வேலையில குத்தம் வராம பாத்துக்குங்க. அப்புறம் நான் வேணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

"வீட்டுல பயப்படறாங்க சார். இப்பவே வக்காலத்துன்னா..."

"அவசரமே இல்லை. தேவாங்குகிட்ட போய் அவசரம்பாங்களா? ஒண்ணு மட்டும். எதுலயாவது கால்தடம் வெக்கச் சொன்னா வெக்காதீங்க. அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க."

அந்த நாள் சீக்கிரமே வந்தது. எருக்க இலை விஷயம் காடெங்கும் பேச்சாகிவிட்டதில் மேனேஜருக்கு வருத்தம். மங்களத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, புல் சாப்பிடுகிறீர்களா என்று உபசாரம் செய்தார்.

"உங்களுக்கு இங்க மனசு சரியில்லை. எனக்குத் தெரியுது. அதனால அக்கரைக்கு மாத்தலாம்னு ஒரு யோசனை."

அக்கரையில் முதலைகள் இருந்தன. அவை குளத்துக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, டோக்கன் வாங்காமலே தண்ணீரை அனுபவித்தன. அவற்றிடம் போய் டோக்கன் இருக்கிறதா என்று கேட்பது அக்கரை ஊழியரின் வேலை. அந்த வேலைக்குப் போனவர்கள் யாரும் இதுவரை ஓய்வு பெற்றதில்லை.

"புலி வகையறான்னு எழுதியிருக்கேன்" என்றார் மேனேஜர் பெருமையோடு. "போகப் பிடிக்கலேன்னா இன்னொரு வழியும் இருக்கு." ஒரு மாவிலையை முன்னால் தள்ளினார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு சிரட்டையில் சேறு. "ஒரு கால்தடம் வெச்சா போதும். கௌரவமா முடிஞ்சிடும்."

சுற்றிலும் ஆபீஸே நின்று பார்த்தது. மங்களம் குட்டிகளை நினைத்தாள். முதலைகளை நினைத்தாள். வலது முன்னங்காலைச் சேற்றில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. காலைத் தூக்கி இலைக்கு மேலே கொண்டுவந்தாள். அங்கேயே நிறுத்தினாள். ஒரு சொட்டுச் சேறு மேஜையில் விழுந்தது.

"என் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுட்டு வெக்கறேன் சார்" என்றாள்.

அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டு வரவில்லை. வாய் சொல்லிவிட்டது. ஆபீஸில் அசைபோடும் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் அந்த ஆபீஸை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"வக்கீலா?" என்றார் மேனேஜர். "குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா வக்கீல்?"

"குடும்பத்துக்குள்ளதான் சார் நிறைய கேஸ் நடக்குது."

மறுநாள் மத்தியானம் வக்கீலோடு வரச் சொன்னார்கள். அன்று பொழுது சாயும் நேரம் மங்களம் புளியமரத்துக்கு ஓடினாள். காலைக் கழுவக்கூட இல்லை. அந்தச் சேற்றுக் காலையே வக்காலத்தில் வைத்தாள்.

திருவேங்கடம் எல்லாம் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு இடத்தில்தான் தயங்கினார். "மத்தியானமா?"

"ஆமா சார். ஏன் சார்?"

"மத்தியானம் எனக்குக் கொஞ்சம் சிரமம். வாய்தா கேக்கலாமா?"

"வாய்தா கேட்டா அது வரைக்கும் அக்கரையில இருன்னுடுவாங்க சார்."

"அப்ப வந்துதான் ஆகணும்." மரத்திலிருந்து இறங்கத் தொடங்கினார். அந்த வேகத்தில் போனால் அடுத்த கோடைக்குத்தான் ஆபீஸ் போய்ச் சேரலாம் என்று மங்களத்துக்குத் தெரிந்தது. அவரை எடுத்து முதுகில் வைத்துக்கொண்டாள். அந்த ஆபீஸுக்காக எத்தனையோ மூட்டை சுமந்திருக்கிறாள். இந்தச் சுமை அவளுக்குக் கனக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் கமிட்டி கூடியது. வெயில் சரியான வெயில். மங்களம் வக்கீலை மேஜையின் நடுவில் உட்கார வைத்தாள். அவர் மேனேஜருக்கு நேர் எதிரே, இரண்டு கண்களையும் முழுசாகத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

"வாங்க வக்கீல் சார்" என்றார் மேனேஜர். "உங்க தரப்பைச் சொல்லலாம்."

திருவேங்கடம் ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜரையே பார்த்தார்.

"இல்லை, நாங்க முதல்ல சொல்லணும்னாலும் சரிதான்."

வக்கீல் இமைக்கவில்லை.

மேனேஜர் வரையாட்டைப் பார்த்தார். வரையாடு காட்டெருமையைப் பார்த்தது. மூவர் வாயிலும் அசைபோட ஒன்றும் இல்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த விலகல் கடிதம்" என்றார் மேனேஜர், "அது சும்மா ஒரு மாதிரிக்கு எழுதினது. வேண்டாம்னா வேண்டாம்." மாவிலையை எடுத்து அவரே தின்றுவிட்டார்.

வக்கீல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கரை மாற்றலும் ஒரு யோசனைதான். உத்தரவு ஆகலை. அதையும் விட்டுடலாம்."

அப்போதுதான் மங்களத்தின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. மெல்லிய சத்தம், வண்டு ஒன்று தூரத்தில் பறப்பது போல. சீராக ஏறி, சீராக இறங்கியது. அவள் வக்கீலின் பக்கமாகக் குனிந்தாள். குறட்டை.

திருவேங்கடம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். தேவாங்குகள் பகலில் தூங்கும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வக்கீல் ஒருவர் தூங்குவார் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மங்களம் அவரை எழுப்பக் காலை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். எழுப்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுப்பாவிட்டால் குறட்டை பெரிதாகிவிடும். பயத்தில் சிரிப்பு கிளம்பி மேலே வந்தது. அவள் பல்லைக் கடித்தாள், வாலைக் கடித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. சிரித்துவிட்டாள். முதல் விசாரணையில் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு.

கமிட்டி உறைந்து போயிற்று.

"அந்தம்மா சிரிக்குது" என்று காட்டெருமை கிசுகிசுத்தது. "வக்கீல் முறைக்கிறாரு, அந்தம்மா சிரிக்குது. அவங்க கையில பெரிசா ஏதோ சிக்கியிருக்கு சாந்தமூர்த்தி. குடுத்துட்டுப் போயிடலாம்."

"முன் கவுண்டர் சூப்பிரண்டு" என்றார் மேனேஜர் அவசரமாக. "மங்களம்தான். எப்பவோ குடுத்திருக்க வேண்டியது. திரை கிடையாது. மேலிடத்துக்கும் எழுதிடறேன். கழுதை, புலின்னு இனிமே யாரும் பிரிச்சுப் பேச மாட்டாங்க."

மங்களத்துக்கு ஒன்று புரிந்தது. தான் எதுவும் பேசாமல் இருக்கும்வரை அவர் கொடுத்துக்கொண்டே இருப்பார். கொஞ்சம் பேசாமல் இருந்து பார்த்தாள்.

"முகத்தைப் பத்திச் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க" என்றார் மேனேஜர்.

இதற்குமேல் காத்திருந்தால் நாற்காலியையே கொடுத்துவிடுவார் போலிருந்தது. மேனேஜர் நாற்காலி அவளுக்கு வேண்டாம், அதில் புல் வாடை. எருக்க இலை ஒன்றை எடுத்து, அவர் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதி முன்னால் தள்ளினாள். சேற்றுச் சிரட்டையையும் தள்ளினாள்.

"ஒரு கால்தடம் வெச்சா போதும் சார்."

வைத்தார். மூன்று பேரும் குளம்பு பதித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே முத்துவெள்ளை இரண்டு காதையும் தட்டிக் கைதட்டினார். அன்று மத்தியானமே, "அக்கா, என்னைப் பின்னறைக்கு மாத்திடுங்க, முன்னால ஒரு திரையும் போட்டுடுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மங்களம் வக்கீலை முதுகில் வைத்துக்கொண்டு நடந்தாள். சிரிப்பு ஒன்றும் வரவில்லை. ரொம்ப அமைதியாக இருந்தாள். பாதி வழியில் பொழுது சாய்ந்தது. முதுகில் ஏதோ அசைந்தது.

"கமிட்டி கூடியாச்சா?" என்றார் திருவேங்கடம்.

"கூடிக் கலைஞ்சாச்சு சார். எல்லாம் நமக்குச் சாதகம்."

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தார். "நான் பேசினது எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார். ஒரு வார்த்தைகூட வீண் இல்லை."

அவருக்கு மகிழ்ச்சி. புளியமரம் வந்தபோது, அடுத்த கேஸில் இன்னும் சுருக்கமாகப் பேசப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஏறினார்.

மங்களம் முன் கவுண்டரில் உட்கார்ந்தாள். முதல் நாள் அந்த முகத்தைப் பார்த்ததும் வரிசை கொஞ்சம் பின்வாங்கியது. பிறகு நேரானது. அதுவரை யாரும் வரிசை என்று சொல்லத் துணியாத ஒன்று, கோடு போட்டது போல நின்றது. நடுவில் புகப் பார்த்த கரடி அவள் கண்ணைப் பார்த்துவிட்டுத் தானாகவே கடைசிக்குப் போயிற்று. மங்களகரமான முகம்தான் என்று கொக்குகள் பேசிக்கொண்டன.

அதோடு கதை முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் மேனேஜர் சாந்தமூர்த்தி அந்த மத்தியானத்தை வெகுநாள் அசைபோட்டார். முள்ளம்பன்றி ஒன்று, ஆபீஸில் தன்னை மட்டும் மெத்தை நாற்காலியில் உட்கார விடவில்லை என்று புகார் கொடுக்கக் கிளம்பியது. எங்கும் பேசிப் பார்த்து, எல்லோரிடமும் யோசனை கேட்டு, நிதானமாகத் திருவேங்கடத்தைப் போய்ப் பிடித்தது. அதற்குள் நிர்வாகம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருவேங்கடத்தைவிடப் பெரிய கண் உள்ள ஒரு தேவாங்கைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

மத்தியான வெயிலில் விசாரணை தொடங்கியது. இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் இமைக்கவில்லை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி ஒரு கடுமையான வாதத்தைக் காடு கண்டதே இல்லை என்றார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. முள்ளம்பன்றி நின்றுகொண்டே இருக்கிறது.

நீதி: வேலை செய்யும் இடத்தில் அநியாயம் நடந்தால் வக்கீலைச் சீக்கிரமே பிடித்துவிட வேண்டும், தாமதித்தால், நன்றாகத் தூக்கம் வருகிற வக்கீலை நிர்வாகம் பிடித்துவிடும்.